ஆராய்ச்சி செய்வது எப்படி? குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை கடைசி ஆண்டு வந்ததும் மாணவர்கள் தேட ஆரம்பிப்பது தலைப்பைத்தான். "கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தொழிலாளர்கள் – ஓர் ஆய்வு" என்று ஒன்றை எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து எதை அளப்பது, யாரிடம் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று எதுவும் பிடிபடாமல் திண்டாடுவார்கள். அந்தத் தலைப்பில் கேள்வியே இல்லை என்பதுதான் காரணம். கேள்வி சரியாக அமைந்துவிட்டால் முறை, மாதிரி, வினாநிரல், பகுப்பாய்வு எல்லாம் அதிலிருந்தே கிளம்பி வரும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதன் பின்னாலேயே போகப்போகிறோம். வேறு துறைக்காரர்களுக்கு உதவும் விஷயங்களையும் நடுநடுவே சொல்கிறேன்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, அதற்கான சான்றுகளை ஒழுங்கான முறையில் திரட்டி, சரிபார்த்து, இன்னொருவர் அதே வழியில் வந்து சோதித்துப் பார்க்கும்படி விடையை முன்வைப்பது ஆராய்ச்சி. இந்தக் கடைசிப் பகுதி மிக முக்கியம். நீங்கள் சொன்னதை ஒருவர் சோதிக்கவே வழியில்லை என்றால், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் கருத்து என்ற அளவிலேயே நின்றுவிடும்.

தகவல் திரட்டுவது வேறு, ஆராய்வது வேறு. தோவாளையில் பூச்சந்தை இருக்கிறது, அங்கிருந்து கேரளத்துக்குப் பூ போகிறது, ஓணம் வந்தால் விலை ஏறுகிறது என்று எழுதினால் அது தகவல். "ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் ஏறும் விலையில் பூ விவசாயிக்குக் கிடைக்கும் பங்கு, சாதாரண நாளில் கிடைக்கும் பங்கைவிடக் கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேட்டால் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

வகைகளைப் பாடப்புத்தகம் நீளமாகச் சொல்லும். சுருக்கமாக இவ்வளவுதான். அறிவுக்காகச் செய்வது அடிப்படை ஆய்வு, ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கச் செய்வது பயன்பாட்டு ஆய்வு. எண்களில் விடை தேடுவது அளவுசார் ஆய்வு, அனுபவத்தையும் பொருளையும் தேடுவது பண்புசார் ஆய்வு. இரண்டையும் சேர்த்துச் செய்வது கலப்பு முறை. எது உயர்ந்தது என்ற சண்டையில் இறங்க வேண்டாம். "எத்தனை?", "எவ்வளவு?" என்று கேட்டால் எண் வேண்டும். "ஏன் அப்படி முடிவெடுத்தார்கள்?" என்று கேட்டால் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ரப்பர் தொழிலாளர்கள் என்ற பெரிய வட்டத்திலிருந்து தொடங்குவோம்.

மாவட்டத்தில் ரப்பர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மேற்கே. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை பக்கம். சரி, தொழிலாளர் என்றால் யார்? தோட்டத்தில் களையெடுப்பவரும் தொழிலாளர்தான், ஷீட் அடிப்பவரும் தொழிலாளர்தான். நாம் பால் வெட்டுபவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவருடைய எந்தப் பிரச்சினை? இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜூன் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை விட்டுவிட்டு மழை. மழை பெய்தால் வெட்டுப்பட்டை நனையும், சிரட்டையில் விழும் பாலோடு தண்ணீர் கலக்கும், அன்றைய வெட்டு போச்சு. இதைத் தடுக்கச் சில தோட்டங்களில் மரத்தைச் சுற்றி ரெயின் கார்டு பிளாஸ்டிக் கட்டுகிறார்கள். சில தோட்டங்களில் கட்டுவதில்லை.

இப்போது கேள்வி பிறக்கிறது: "ரெயின் கார்டு கட்டிய தோட்டத்தில் பால் வெட்டுபவருக்கு ஜூன் முதல் நவம்பர் வரை கிடைக்கும் வேலைநாள், கட்டாத தோட்டத்தில் வெட்டுபவருக்குக் கிடைப்பதைவிட அதிகமா? அதிகம் என்றால் எவ்வளவு?"

இந்தக் கேள்வியில் யார், எங்கே, எப்போது, எதை, எதோடு ஒப்பிட்டு என்ற ஐந்தும் இருக்கின்றன. உங்கள் கேள்வியையும் இந்த ஐந்தையும் வைத்துச் சோதியுங்கள். பிறகு இன்னொரு சோதனை: கையிலிருக்கும் காசு, காலம், பஸ் வசதி இவற்றுக்குள் விடை காண முடியுமா? ஆறு மாதப் புராஜெக்டுக்கு ஆறு தாலுகாவும் வேண்டாம், திருவட்டார் தாலுகா ஒன்றே போதும்.

இரண்டாம் படி: முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளைத் தேடலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம், உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரி, இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளைத் தேடும்போது மதுரை, கேரளப் பல்கலைக்கழகங்களையும் பார்க்க வேண்டும்.

படித்ததை எப்படிக் குறிப்பெடுப்பது? ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் கேட்ட கேள்வி, பயன்படுத்திய முறை, மாதிரி அளவு, கண்ட முடிவு, விட்டுப்போன இடம். இருபது பக்கம் சேர்ந்தால் இடைவெளி எங்கே என்று கண்ணில் படும். "முனைவர் அவர்கள் இவ்வாறு கூறுகிறார், பேராசிரியர் அவர்கள் இவ்வாறு கூறுகிறார்" என்று வரிசையாக ஒட்டிவைப்பதை முன்னாய்வு மதிப்பீடு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். யார் யாரோடு ஒத்துப்போகிறார், எங்கே முரண்படுகிறார் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இல்லாத கட்டுரைகளை உண்மைபோலவே அவை தந்துவிடும். மூலத்தைத் திறந்து கண்ணால் பார்க்காத எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: கருதுகோளும் வரையறையும்

கருதுகோள் என்பது சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஊகம். "ரெயின் கார்டு கட்டிய தோட்டங்களில் வேலைநாள் அதிகம்" என்பது நமது கருதுகோள். "இரண்டுக்கும் வேறுபாடு இல்லை" என்பது இன்மைக் கருதுகோள். புள்ளியியல் சோதனையில் நாம் மோதுவது இரண்டாவதோடுதான். ரெயின் கார்டு இருப்பது சாரா மாறி (காரணம் என்று நாம் கருதுவது), வேலைநாள் சார்ந்த மாறி (அதனால் மாறும் என்று எதிர்பார்ப்பது).

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் "வேலைநாள்" என்றால் என்ன? சிறு தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவது வழக்கம். ஒரே தோட்டத்தில் வெட்டுபவருக்கு மழையே இல்லாவிட்டாலும் மாதத்துக்குப் பதினைந்து நாள்தான். இரண்டு தோட்டம் வைத்திருப்பவர் தினமும் போவார். அப்புறம், விடியற்காலை போய் பாதி மரம் வெட்டியதும் மழை பிடித்துத் திரும்பினால் அது வேலைநாளா இல்லையா? கூலி மர எண்ணிக்கைக்கா, நாளுக்கா, பாலின் எடைக்கா? இதையெல்லாம் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வரையறுத்துவிட வேண்டும். "வெட்டு அட்டவணைப்படி வெட்ட வேண்டிய நாட்களில், முழுதாக வெட்டிப் பால் எடுத்த நாட்களின் சதவீதம்" என்று வைத்துக்கொண்டால் ஒரு தோட்டக்காரரையும் இரண்டு தோட்டக்காரரையும் நியாயமாக ஒப்பிடலாம். என் பார்வையில் மாணவர் ஆய்வுகள் பலவீனப்படும் முதல் இடம் இந்த வரையறைதான். புள்ளியியல் தவறை மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம். வரையறுக்காமல் அளந்ததைத் திருத்த வழியே கிடையாது.

நான்காம் படி: முறையைத் தேர்ந்தெடுங்கள்

நம் கேள்விக்கு அளவாய்வு முறை, அதாவது பலரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் சர்வே, பொருந்தும். வேறு கேள்விக்கு வேறு முறை.

ஒரே வில்லுப்பாட்டுக் கதை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று கேட்டால் கொடை நடக்கும் இடத்துக்கே போய்ப் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு வரும் பறவைகள் குறைகின்றனவா என்றால் முறையான கூர்நோக்கு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எண்ணினால்தான் இந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் ஒப்பிட முடியும். மணவாளக்குறிச்சி கடல்மணலில் எந்தக் கனிமம் எவ்வளவு என்றால் ஆய்வகம். வகுப்பில் ஒரு புதிய கற்பித்தல் முறை வேலைசெய்கிறதா என்றால் சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என்று பிரித்துச் செய்யும் சோதனை ஆய்வு.

ஐந்தாம் படி: மாதிரி

மாதிரி எத்தனை பேர் என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே பெரிய விஷயம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து லாண்டன் என்ற வேட்பாளர் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர்களை எடுத்ததால் வசதியானவர்களே அதிகம் இடம்பெற்றிருந்தார்கள். அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு சாரார்தான்.

மாதிரி அளவுக்கு மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது யமானே சூத்திரம். மொத்த எண்ணிக்கையை, "1 + (மொத்த எண்ணிக்கை × பிழை அளவின் வர்க்கம்)" என்பதால் வகுக்க வேண்டும். 5 சதவீதப் பிழை என்றால் வர்க்கம் 0.0025. 2,000 பேர் இருந்தால் 2,000 ÷ 6 = 333.3, அதாவது 334 பேர். 500 பேர் இருந்தால் 500 ÷ 2.25, அதாவது 223 பேர். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள் தொகை 18,70,374. அதை அப்படியே போட்டுப் பார்த்தாலும் 400 பேர்தான் வரும். மொத்தம் பெருகப் பெருக மாதிரியும் அதே வேகத்தில் பெருக வேண்டும் என்பது இல்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்புள்ள சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டுமே. டீக்கடையில் அகப்பட்ட 400 பேரிடம் கேட்டுவிட்டு யமானே பெயரைச் சொல்வதில் அர்த்தமில்லை.

நம் ஆய்வில் பால் வெட்டுபவர்களின் முழுப் பட்டியல் கிடைப்பது கடினம். அப்படியானால் முதலில் ஊராட்சிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அந்த ஊராட்சிகளில் மட்டும் நேரில் நடந்து தோட்டப் பட்டியல் தயாரித்து, ரெயின் கார்டு கட்டியவை, கட்டாதவை என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கலில் எடுக்கலாம். வேலை கூடுதல்தான், ஆனால் முடிவு நிற்கும். பட்டியலே போட முடியாதபோது ஒருவர் இன்னொருவரைக் காட்டும் பனிப்பந்து முறையைப் பயன்படுத்தலாம். அப்போது முடிவை முழு மாவட்டத்துக்கும் பொதுமைப்படுத்தாதீர்கள், அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஆறாம் படி: வினாநிரலும் களமும்

"மழைக்காலத்தில் உங்கள் வருமானம் மிகவும் பாதிக்கப்படுகிறது அல்லவா?" இந்தக் கேள்விக்கு யாராக இருந்தாலும் "ஆமா" என்பார்கள். விடையைக் கேள்வியே சொல்லிவிட்டது. "கூலியும் வேலைநேரமும் திருப்தியா?" என்பது இரண்டு கேள்வி. "கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் வேலை இழந்தீர்கள்?" என்றால் யாருக்கும் நினைவிருக்காது, தோராயமாக ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

நேரில் பேசும்போது பேச்சுவழக்கில் கேளுங்கள். "அண்ணே, போன வாரம் எத்தன நாள் வெட்டுக்குப் போனிய? எந்தெந்த நாள் மழையில திரும்பி வந்திய?" ஒரு வாரம் நினைவில் நிற்கும். வாராவாரம் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆறு மாதக் கணக்கு நம்பும்படி கிடைக்கும். அதைவிட நல்லது, பலரும் கூலிக்காக வைத்திருக்கும் சின்ன நோட்டையோ காலண்டர் குறிப்பையோ அவர்கள் அனுமதியோடு பார்த்து எழுதுவது. கூடவே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைப்பகுதிகளின் தினசரி மழையளவையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன நாளும் மழை பதிவான நாளும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க உதவும்.

முழு ஆய்வுக்கு முன் பத்துப் பதினைந்து பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். எந்தக் கேள்விக்கு எல்லோரும் "என்ன கேக்கிய?" என்று திரும்பக் கேட்கிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள்.

களத்துக்குப் போகும் காலத்தைப் பற்றி ஒரு புத்தகமும் உங்கள் ஊருக்கேற்றபடி சொல்லாது. விடியலில் பால் நன்றாக ஓடும் என்பதால் வெட்டு அதிகாலையிலேயே தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் போய் நின்றால் பால் எடுக்கும் அவசரத்தில் இருப்பார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் பாருங்கள். இலை உதிர்ந்து துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பல தோட்டங்களில் வெட்டே நிற்கும். அப்போது போனால் பேச நேரம் கிடைக்கும், ஆனால் வேலையை நேரில் பார்க்க முடியாது.

மீனவர் வருமானத்தை ஆய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துக்கு முதல் தடை, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்துக்கு இரண்டாவது. மே மாதத்தில் சின்னமுட்டத்தையும் குளச்சலையும் ஒப்பிட்டு "குளச்சல் மீனவருக்கு வருமானம் அதிகம்" என்று எழுதினால் நீங்கள் அளந்தது காலண்டரைத்தான்.

பழைய ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கு

1956 நவம்பர் 1-ல் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணையும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் அரசு ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும், திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில்தான் கிடைக்கும். தேதிகள் கேரளப் பகுதியில் வழங்கும் கொல்லம் ஆண்டில் இருக்கும். இந்தப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிவு வரையிலான தேதிக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கி 1925 ஆகஸ்டில் முடிகிறது. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருடம் தவறும்.

ஆவணம் கிடைத்ததும் இரண்டு சோதனை. இது உண்மையிலேயே அந்தக் காலத்தது, அந்த ஆள் எழுதியதுதானா என்பது புறச் சோதனை. எழுதியவர் எந்த நோக்கத்தில் எழுதினார், நேரில் பார்த்தாரா, எதை விட்டிருப்பார் என்பது அகச் சோதனை. பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி மிஷனரி கடிதம் ஒரு விதமாகவும் அரண்மனைக் குறிப்பு இன்னொரு விதமாகவும் பேசும். இரண்டையும் வாய்மொழி வழக்காறுகளோடு வைத்துப் பார்த்தால்தான் 1859 அரச அறிவிப்பு வரை நடந்தது ஓரளவு தெளியும். முன்மாதிரி வெளியில் தேட வேண்டியதில்லை. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, அவற்றில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி வாதிட்டிருக்கிறார். சுசீந்திரம் கோயிலை எடுத்து கே. கே. பிள்ளை செய்த ஆய்வு 1953-ல் நூலாக வந்தது. ஒரு கோயிலின் கல்வெட்டும் கணக்கும் ஒரு வட்டாரத்தின் சமூக வரலாற்றைச் சொல்லும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஏழாம் படி: பகுப்பாய்வு

முதலில் தரவைக் கண்ணால் பாருங்கள், மென்பொருளைப் பிறகு திறக்கலாம். ஐந்து பேர் ஒரு மாதத்தில் வெட்டிய நாட்கள் 22, 24, 23, 21, 6 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 19.2. ஆனால் யாருமே பத்தொன்பது நாளுக்குப் பக்கத்தில் இல்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலை 22, அது உண்மைக்கு நெருக்கம். அந்த 6 ஏன் வந்தது என்று திரும்பப் போய்க் கேளுங்கள். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், நீங்கள் 26-ஐத் தவறாக எழுதியிருக்கலாம்.

இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட டி-சோதனை. ஆம், இல்லை போன்ற வகைகளை ஒப்பிடக் கைவர்க்கச் சோதனை. சோதனை தரும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதுகிறோம். வேறுபாடு பெரியது என்று அதற்குப் பொருள் இல்லை. தற்செயலாக மட்டும் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்றுதான் பொருள். எத்தனை நாள் வேறுபாடு என்பதையும் கூடவே எழுதுங்கள், வாசிப்பவருக்கு அதுதான் வேண்டும்.

இனி கடினமான பகுதி. ரெயின் கார்டு கட்டிய தோட்டத்தில் வேலைநாள் அதிகம் என்று வந்துவிட்டது. காரணம் ரெயின் கார்டுதானா? கட்டுவதற்குக் காசு செலவாகும். வசதியான உரிமையாளர்தான் கட்டியிருப்பார். அவர் தோட்டம் பெரியதாக, மரம் இளையதாக, மழை குறைவான சரிவில் இருக்கலாம். இந்த மூன்றாவது காரணி உங்களை ஏமாற்றும். 1850-களில் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ இதை அழகாகக் கையாண்டார். ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் தண்ணீர் கொடுத்தன. ஒன்று கழிவு கலந்த தேம்ஸ் பகுதியிலிருந்து எடுத்தது, மற்றது மேலே தூய்மையான இடத்திலிருந்து எடுத்தது. ஏழை பணக்காரர், காற்று, தெரு எல்லாம் ஒன்றே, தண்ணீர் மட்டும் வேறு. முதல் நிறுவனத்தின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு, இரண்டாவதில் 37. நாமும் அதேபோல ஒரே ஊராட்சியில், ஏறத்தாழ ஒரே பரப்பும் ஒரே வயது மரமும் உள்ள தோட்டங்களை ஜோடி சேர்த்து ஒப்பிட வேண்டும்.

நெறி

யாரிடம் பேசினாலும் எதற்காகக் கேட்கிறீர்கள், பதில் எங்கே போகும், விருப்பமில்லாவிட்டால் நடுவிலேயே நிறுத்தலாம் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பால் வெட்டுபவர் கூலியைப் பற்றிச் சொன்னது தோட்ட உரிமையாளர் காதுக்குப் போனால் அவர் வேலை போய்விடும். பெயரை நீக்கிக் குறியீட்டு எண் கொடுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் நீக்குங்கள். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கி புயலிலும் ஆளை இழந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் அந்த நாளைப் பற்றிக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று நெறியாளரோடு பேசி முடிவெடுங்கள். அச்சில் ஏற்கெனவே இருக்கும் தகவலுக்காக ஒரு தாயை மறுபடியும் அழவைக்க நமக்கு உரிமை கிடையாது.

கருத்துத்திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறை 10 சதவீதம்வரை ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்கிறது, அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு. அந்த எண்ணைக் குறைக்கச் சொற்களை மட்டும் மாற்றிப்போடுவது திருட்டை மறைப்பதுதான். கருத்து யாருடையதோ அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

எழுதுவது

அறிமுகம், முன்னாய்வுகள், முறை, முடிவுகள், விவாதம், முடிவுரை என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் எழுத வேண்டியதில்லை. முறை பற்றிய இயலைக் களத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள், பிறகு மறந்துபோகும். அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள். கருதுகோள் பொய்யானால் அதையும் அப்படியே எழுதுங்கள். ரெயின் கார்டால் வேலைநாள் கூடவில்லை என்று தெரிந்தால், கட்டக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் சிறு விவசாயிக்கு அது பெரிய செய்தி.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் கேட்பது மூன்றுதான்: ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்த மாதிரி, இதன் வரம்பு என்ன. மூன்றுக்கும் காகிதம் பார்க்காமல் பதில் சொல்லப் பழகுங்கள். தேர்வு முடிந்ததும் ஆய்வேட்டை இரண்டு பக்கத்தில், எளிய தமிழில் சுருக்கி, பதில் சொன்ன ஊர்களின் படிப்பகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதில் சூத்திரம் வேண்டாம். என்ன கேட்டோம், எத்தனை பேரிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, ரெயின் கார்டுக்கு ஆன செலவு எத்தனை வெட்டு நாளில் திரும்பக் கிடைக்கிறது என்ற நான்கும் இருந்தால் போதும்.